ஈறு பிளக்காத பல் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை

ஈற்றைக் கீறிப் பிரிக்காமல், சிறு துளை வழியே தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதிக்கும் முறை. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனேமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இத்தகைய திருகைப் பதித்தபோது, ஈற்றைத் திறந்து எலும்பைக் கண்ணால் பார்த்தே துளையிட்டார். இன்று அந்தப் பார்வையை முப்பரிமாண சி.டி. ஸ்கேன் தருகிறது. அதன்படி தயாரித்த வழிகாட்டி அச்சைப் பற்களின்மேல் பொருத்தி, வட்டக் கத்தியால் சில மில்லிமீட்டர் அகல ஈற்றை மட்டும் எடுத்துவிட்டுத் துளையிடுவர். தையல் பெரும்பாலும் தேவைப்படாது. வீக்கமும் வலியும் குறைவு. எலும்பு ஒடுங்கியிருந்தாலோ, உறுதியான ஈறு போதாவிட்டாலோ திறந்து செய்வதே நல்லது. கவனிக்க வேண்டிய பெரிய ஆபத்து, துளையிடும்போது எழும் சூடு: 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும். வழிகாட்டி அச்சு மறைப்பதால், சூட்டைத் தணிக்கப் பாய்ச்சும் குளிர்ந்த உப்புநீர் உள்ளே சரியாக இறங்காது. கருவியை அடிக்கடி வெளியே எடுத்து, நீர் பாய்ச்சிய பிறகே மேலும் ஆழப்படுத்த வேண்டும்.