ஃபார்ட்டிங்கல்: ஒரு சிற்றூரும் ஒரு தொகைநூலும்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் மலைநாட்டில், லயன் ஆறு தன் நெடிய பள்ளத்தாக்கைக் கடந்து வெளிப்படும் வாயிலில் அமைந்த சிற்றூர் ஃபார்ட்டிங்கல். ஒரு தேவாலயம், ஒரு விடுதி, கூரை வேய்ந்த சில வீடுகள், சூழ மேய்ச்சல் நிலம், ஊர் இவ்வளவே. எனினும் ஐரோப்பாவின் மிகத் தொன்மையான மரங்களுள் ஒன்றாக எண்ணப்படும் யூ மரம் இவ்வூரில் நிற்கிறது. ஸ்காட்லாந்துக் கேலிக் கவிதை வரலாற்றின் தலையாய தொகைநூலும் இவ்வூரோடு தொடர்புடையது. மரத்தைக் காணப் பலர் வருகின்றனர். நூலை அறிந்து வருவோர் சிலரே. ஊரின் பெருமையை அளக்க இவ்விரண்டையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

ஊரின் பழமை

கேலிக் மொழியில் இவ்வூர்ப்பெயரின் ஈறாக நிற்பது தேவாலயத்தைக் குறிக்கும் 'கில்' என்னும் சொல். அயோனாத் தீவின் ஆயராக விளங்கி 712-இல் மறைந்த கோயடி என்னும் துறவியின் பெயரோடு இவ்வூர்த் தேவாலயம் தொடர்புபடுத்தப்படுகிறது. இங்குக் கிடைத்த சிலுவைக் கற்களின் துண்டுகள், தொடக்கக் காலத்திலேயே இவ்விடம் ஒரு சமய நிலையமாகத் திகழ்ந்ததை உணர்த்துகின்றன.

ஊருக்கு அருகே வயலிடையே 'இறந்தோர் மேடு' எனப் பொருள்படும் 'கார்ன் நம் மாரவ்' உள்ளது. வெண்கலக் காலத்து ஈமமேடாகிய இதனுள், 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் மாண்டோரை மீண்டும் புதைத்தனர் என்பது ஊர் வழக்கு. வெள்ளைக் குதிரை இழுத்த சறுக்குவண்டியில் ஒரு மூதாட்டி அப்பிணங்களைக் கொண்டு சேர்த்ததாக அங்குள்ள கல் கூறுகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் இம்மேட்டின்மீது தீ வளர்த்து ஊரார் கொண்டாடிய விழா 1924 வரை நிகழ்ந்தது.

இன்று காணும் ஊரின் தோற்றமோ அத்துணைப் பழையதன்று. கப்பல் வணிகர் சர் டொனால்டு கரி 1885-இல் கிளென்லயன் பண்ணை நிலத்தை விலைக்கு வாங்கினார். அவர் விருப்பப்படி, கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் மக்லாரன் வகுத்த அமைப்பில் கூரை வேய்ந்த வீடுகளும் விடுதியும் எழுந்தன. தேவாலயம் 1901-02-இல் புதிதாகக் கட்டப்பெற்றது.

கட்டுக்கதையும் உண்டு. இயேசுவுக்குத் தீர்ப்பளித்த உரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து இவ்வூரில் பிறந்தவர் என்பர். உரோமப் படை ஸ்காட்லாந்துக்குள் நுழைந்ததே பிலாத்து ஆளுநராக இருந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னராதலின், இக்கதை வரலாற்றின்முன் நில்லாது.

யூ மரம்

தேவாலய முற்றத்தில் நிற்கும் யூ மரத்தின் அகவை 2000 முதல் 3000 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர். இதன் உள்மரம் அழிந்துவிட்டதால் ஆண்டு வளையங்களை எண்ணித் துணிய வழியில்லை. 1769-இல் டேன்ஸ் பாரிங்டன் அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு 52 அடி. தாமஸ் பென்னன்ட் தரும் அளவு 56½ அடி. இன்றோ தனித்தனி மரங்கள் போல் பிளந்து நிற்கும் கூறுகளே எஞ்சியுள்ளன. வேரடியில் மூட்டிய விழாத் தீயும் காரணம். வந்தவர் தம் நினைவுக்கென வெட்டிச் சென்றதும் காரணம். அதன் கட்டையில் குடிகலங்கள் கடைந்தனர். பிளவின் ஊடே சவ ஊர்வலங்கள் சென்றன என்றும் கூறுவர். மரத்தைக் காக்கச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று.

பனையைப் போலவே யூ மரத்திலும் ஆண், பெண் எனத் தனி மரங்கள் உண்டு. ஃபார்ட்டிங்கல் மரம் ஆண் மரம். ஆயினும் 2015-இல் அதன் ஒரு சிறு கிளையில் மூன்று செங்கனிகள் காணப்பட்டன. மரத்தின் ஒரு பகுதி மட்டும் பெண் தன்மை எய்தியது தாவர அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது.

தொகைநூல்

இவ்வூர்த் தேவாலயப் பணியையும் ஆவணம் எழுதும் தொழிலையும் மேற்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் மக்கிரகர். லிஸ்மோர் தீவின் 'டீன்' என்னும் சமயப் பதவியையும் வகித்த இவர் 1551-இல் மறைந்தார். இவரும் இவர்தம் உடன்பிறந்தார் டங்கனும் 1512-க்கும் 1542-க்கும் இடையே தொகுத்த கையெழுத்துப் படியே 'லிஸ்மோர் டீன் நூல்' என வழங்குகிறது. மக்நாப் குலத் தலைவர் ஃபின்லே இத்தகைய தொகுப்பை ஊக்கிப் பாடிய பாடலும் இதனுள் உண்டு. தொகுத்தாரும் தொகுப்பித்தாரும் ஒருங்கே இந்நூலில் இடம்பெற்றமை சிறப்பு.

வீரக்கதைப் பாடல், புகழ்ச்சி, இரங்கல், காதல், வசை, நகை எனப் பலதுறைச் செய்யுட்களை இந்நூல் தாங்கி நிற்கிறது. அயர்லாந்துப் புலவர்களும் ஸ்காட்லாந்துப் புலவர்களும் இதனுள் அருகருகே உள்ளனர். பெண்பாற் புலவர்களும் உளர். 15ஆம் நூற்றாண்டினரான ஏவ்ரக், இறந்த கணவனின் செபமாலையை விளித்துப் பாடிய கையறுநிலைப் பாடல் அவற்றுள் தலைசிறந்தது. அவர் பெயரில் நமக்குக் கிடைத்துள்ள பாடல் அது ஒன்றே. அதனைக் காத்துத் தந்ததும் இந்நூலே. குறும்பும் துணிவும் கலந்து பாடிய ஆர்கைல் கோமாட்டி இசபெல்லும் இதன்வழியே அறியப்படுகிறார்.

நூலின் எழுத்துமுறையும் எண்ணத்தக்கது. கேலிக் புலவர் மரபுக்குரிய எழுத்திலக்கணத்தை மக்கிரகர் பின்பற்றவில்லை. ஸ்காட்ஸ் மொழியை எழுதப் பயன்பட்ட எழுத்துக்கூட்டலைக் கொண்டு, கேட்ட ஒலியை ஒட்டியே எழுதினார். இதனால் நூலைப் படித்தறிதல் பிற்காலத்தார்க்குப் பெருஞ்சுமையாயிற்று. 1862-இல் தாமஸ் மக்லாக்லன் பதிப்பித்தார். 1937-இல் டபிள்யூ. ஜே. வாட்சன் ஸ்காட்லாந்துப் பாடல்களைச் செம்மைசெய்து வெளியிட்டார். ஆயினும் இடர் தந்த அவ்வெழுத்துமுறையே, அக்கால மலைநாட்டு ஒலிப்பை அறியச் சான்றாகவும் அமைந்தது.

எஞ்சியது எது?

டீன் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், 1603-இல் மக்கிரகர் என்னும் குலப்பெயரே அரசாணையால் தடைசெய்யப்பட்டது. 1661-இல் நீங்கிய தடை 1693-இல் மீண்டும் விதிக்கப்பட்டு 1774-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. பெயரைச் சொல்லவும் இயலாத அந்நாட்களைக் கடந்து அக்குலத்தார் எழுதிய ஏடு வாழ்ந்தது. இன்று எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளது. தேவாலயத்தில் இருந்த பழங்காலத் துறவியர் கைமணி 2017-இல் களவுபோயிற்று. பெர்த்ஷயர் மலைநாட்டில் கேலிக் மொழியைத் தாய்மொழியாகப் பேசும் வழக்கும் 20ஆம் நூற்றாண்டில் அருகி மறைந்தது.

மரத்தைப் போற்றியவர் ஆளுக்கொரு துண்டு கொண்டுசென்றனர், அது குறைந்தது. பாடலைப் போற்றியவர் ஆளுக்கொரு பாடல் கொண்டுவந்து சேர்த்தனர், நூல் நிறைந்தது. அதனைச் செய்தவர் அரசவைப் புலவரல்லர். தம் அலுவலுக்கிடையே ஓய்ந்த பொழுதில் எழுதிய சிற்றூர்க் குடும்பத்தார். இலக்கியம் அரண்மனைகளால் மட்டும் காக்கப்படுவதில்லை. ஒரு சிலர் கூடிக் கேட்டு, எழுதி, வைப்பதாலும் காக்கப்படுகிறது என்பதற்கு ஃபார்ட்டிங்கல் சான்று.