மாங்கனியில் பிறந்த பிள்ளை

சிலப்பதிகாரத்துக் கண்ணகி மாநாய்கன் மகள். கடல் கடந்து ஈழத்துக்கு வந்தபோது அவளுடைய பிறப்பே மாறிவிட்டது. மட்டக்களப்புக் கோயில்களில் பாடப்படும் ‘கண்ணகி வழக்குரை’யில் அவள் பாண்டியன் தோட்டத்து மாங்கனியில் பிறந்தவள். இந்தப் பிள்ளையால் மதுரை அழியும் என்று சாத்திரம் சொல்ல, பாண்டியன் அவளைப் பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறான். பெட்டி காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் ஒதுங்குகிறது. வணிகர் எடுத்து வளர்க்கிறார்கள்.

ஆக, மதுரை அவையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கிறவள் பாண்டியன் வீட்டுப் பிள்ளை. புருசன் கோவலனைக் கொல்லச் சொன்னவன் தகப்பன் முறை. சிலப்பதிகாரத்தில் இளங்கோ அரசநீதியாகச் சொன்னதை எங்கடை சனம் ஒரு குடும்பத்தின் தீராத வழக்காக்கி வைத்திருக்கிறது. ஊதாரிப் புருசன், கைவிட்ட தகப்பன், கேள்வி கேட்கிற மகள். இந்த மாற்றத்தில்தான் கதைக்குப் புது உயிர் வந்ததாக நான் நினைக்கிறேன்.

ஏட்டில் கிடந்த சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892இல் அச்சேற்றினார். ஏடு அச்சேற முன்பே கண்ணகி இங்கே தெய்வம். சிங்களவருக்குப் பத்தினித் தெய்யோ. மதுரையை எரித்துவிட்டு வந்தவள் பத்தாவதாகத் தங்கின இடம் பத்தாப்பளை, அதுவே முல்லைத்தீவின் வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பொடியளிடம் ஒரு கிழவி பசிக்குது என்று வந்தாளாம். புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்தண்ணியை ஊற்றச் சொன்னாள், எரிந்தது. பிறகு பேன் பார்க்கச் சொன்னாள். தலைமயிரை விலக்கினால் உள்ளே ஆயிரம் கண்கள். கிழவியைப் பிறகு காணவில்லை.

இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புத்தண்ணியிலேயே விளக்கெரிக்கிறார்கள். ஒரு கிழமை கழித்து, திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். கண்ணகி கதை முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தாகவும் விடிய விடிய ஆடப்பட்டது.

2005இல் ஜெயமோகன் ‘கொற்றவை’ நாவலில் கண்ணகியை இன்னொரு முறை எழுதினார். அது அவளை ஆதித்தாய்த் தெய்வங்களின் நீண்ட வரிசையில் நிறுத்துகிற பெரிய நாவல். ஆனால் வற்றாப்பளைக்காரருக்கு அவள் தலையில் பேன் பார்க்கச் சொன்ன கிழவி. நான் அந்தக் கிழவியின் பக்கம்.

2009 மே மாதம் அதே நந்திக்கடலோரம்தான் ஈழப் போர் முடிந்தது. 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்தார்கள். எங்கே என்றுதான் கேட்டார்கள். கண்ணகிக்கு, வெட்டுண்டு கிடந்த கோவலனின் உடலாவது கிடைத்தது.