பன்றிமுடி ஷேவிங் பிரஷ்

விலங்கு முடியில் செய்யும் ஷேவிங் பிரஷ்களில் மலிவானது பன்றிமுடி வகை, விறைப்பும் அதிகம். முடி வளர்ப்புப் பன்றியினுடையது. நீண்ட, முரட்டு முடிக்குச் சீனாவின் சோங்சிங் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பன்றிமுடியைப் போர்க்காலப் பண்டமாகக் கருதி, சீனாவிலிருந்து இமயமலைக்கு மேலாக விமானத்தில் ஏற்றிவந்தது. இந்தியாவில் கான்பூர் பழைய முடிச்சந்தை. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்துச் சேர்கோட் பிரஷ் செய்யும் ஊர்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில், எந்த பிரஷ் என்பதற்கு முன்னால் எந்த முடி என்ற கேள்வி வந்துவிடும். 1568-இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி, கச்சி மேமன் முஸ்லிம்களின் மசூதி, குஜராத்தி சாலையில் 1904-இல் எழுந்த தர்மநாத் சமணக் கோயில் எல்லாம் நடந்தே போகும் தூரம். யூத மார்க்கம் முதன்மையாகத் தடுப்பது பன்றியை உண்பதை. கேரள முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி சட்ட மரபிலோ பன்றியின் முடியும் அசுத்தம். மேமன்களின் ஹனஃபி மரபிலும் அப்படித்தான்; பழைய சட்ட நூல்கள் தோல் தைப்பவருக்கு மட்டும் தேவை கருதிச் சலுகை தந்தன. சவரத்துக்கு அந்தச் சலுகை நீளாது. சமணருக்கு உயிர்க்கொலை குறித்த தயக்கம்.

ஆகவே, எந்த முடி என்பதைப் பெட்டியில் எழுதாத பிரஷ்ஷைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. உதிர்ந்த ஒரு முடியை நெருப்பில் காட்டினால் போதும்: நைலான் உருகிச் சொட்டாகும், விலங்கு முடி தீய்ந்த நாற்றத்தோடு பொடியும். முடியில் கறுப்புப் பட்டை இருப்பதை நம்ப வேண்டாம். பன்றிமுடிக்குச் சாயமிட்டு, விலை கூடிய வளைக்கரடி முடியாகக் காட்டுவது பழைய தந்திரம்.

பன்றிமுடியே போதும் என்பவர் நுனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இயற்கை நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். வெட்டிச் சமன்செய்த நுனி கன்னத்தில் குத்தும். முடிக்கட்டின் விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான முகங்களுக்குப் போதும். விட்டத்தைவிட முக்கியம் முடியின் உயரம். குட்டையாக இருந்தால் விறைப்பு மிகும். நீண்டால் வளைந்து கொடுக்கும். சோப்புக் கட்டியில் நுரை எழுப்புகிறவருக்குக் குட்டை, கிரீம் பயன்படுத்துபவருக்கு நெட்டை. பன்றிமுடி தண்ணீரை உறிஞ்சும். சவரத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊற வேண்டும். சில வாரங்களில் நுனிகள் மேலும் பிளந்து மென்மையாகும். முதல் நாளே தீர்ப்புச் சொல்வது பன்றிமுடிக்குச் செய்யும் அநியாயம். புதிதில் நாலைந்து முடி உதிர்வது இயல்பு. மாதக்கணக்கில் உதிர்ந்தால் கட்டில் கோளாறு.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில் ஈரம்தான் பெரிய பகை. அடர்ந்த வளைக்கரடி முடியைவிடப் பன்றிமுடி சீக்கிரம் உலரும், காற்றோட்டமான இடத்தில் வைத்தால். மூடிய டப்பாவுக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் உரிந்த மரக் கைப்பிடியும் இங்கே நெடுநாள் தாங்காது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய பிரஷ் ஏதும் கண்ணில் பட்டால் கைப்பிடியின் அழகுக்காக வாங்கலாம், முடிக்காக வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமி நீக்காத குதிரைமுடி பிரஷ்களால் பிரிட்டன், அமெரிக்க வீரர்களுக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது. 1920-இல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியை பிரிட்டன் தடைசெய்தது. இன்று அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் பழைய முடியைப் பிடுங்கிவிட்டு, குழியைச் சுத்தம்செய்து, அதே கைப்பிடியில் புது முடிக்கட்டை எபாக்சி பசையால் ஒட்டிக்கொள்ளலாம்.