பொதுமன்னிப்பின் எல்லைகள்: 1858ஆம் ஆண்டின் அரச அறிக்கை

நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த ஒருவருடைய மனுவை ஆராய்ந்து, அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை ஆட்சித் தலைமை நீக்குவதோ குறைப்பதோ சட்ட மரபில் மன்னிப்பு எனப்படும். விசாரணை தொடங்கும் முன்பே, கிளர்ச்சி போன்ற அரசியல் குற்றத்தில் ஈடுபட்ட ஒரு வகையினர் அனைவர்மீதும், தனித்தனியே பெயர் சுட்டாமல், வழக்குத் தொடுப்பதைக் கைவிடுவது பொதுமன்னிப்பு. இதில் தீர்ப்பு என்று ஒன்று இல்லாததால், தப்புவோர் யார், சிக்குவோர் யார் என்பதை அறிவிப்பின் வாசகமே முடிவு செய்கிறது.

1857இல் வெடித்த இந்தியக் கிளர்ச்சியை அடுத்து, 1858 நவம்பர் 1 அன்று அலகாபாத்தில் தலைமை ஆளுநர் கானிங் பிரபு படித்த விக்டோரியா அரசியின் அறிக்கை இதற்கு உரிய சான்று. கண்மூடித்தனமான தண்டனைகளைக் கட்டுப்படுத்தும் ஆணையை 1857 ஜூலையிலேயே பிறப்பித்ததற்காகத் தம் நாட்டவராலேயே ‘கருணை கானிங்’ என்று எள்ளப்பட்டவர் அவர். அந்த ஏச்சு அவருக்குப் பெருமையே. எனினும், அரசியின் அறிக்கை கிளர்ச்சியாளரை மூன்று வகையாகப் பிரித்தது. பிரித்தானியக் குடிமக்களைக் கொன்றதில் நேரடியாகப் பங்கேற்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களுக்கும், இனி அவ்வாறு தீர்ப்பளிக்கப்படுவோருக்கும் கருணை இல்லை. கொலையாளிகள் என்று அறிந்தே அடைக்கலம் தந்தவர்களுக்கும், கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியோர், தூண்டியோர் ஆகியோருக்கும் உயிர் மட்டுமே உறுதி. பிற தண்டனைகள் சூழ்நிலையை எடைபோட்டு விதிக்கப்படும். ஆயுதம் ஏந்திய ஏனையோர் வீடு திரும்பி அமைதியான தொழிலில் ஈடுபட்டால் நிபந்தனையற்ற மன்னிப்பு உண்டு. இந்தச் சலுகைகள் 1859 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் பணிவோருக்கே உரியவை.

தலைவர் என்பவர் யார், தூண்டியவர் யார் என்பதற்கு அறிக்கையில் வரையறை இல்லை. ஒரு சிற்றூரின் நிலக்கிழார் தம் ஆட்களுடன் படையில் சேர்ந்திருந்தால் அவர் தலைவரா, பின்தொடர்ந்தவரா என்பதை, அவரை எதிர்த்துப் போரிட்ட அரசின் அதிகாரிகளே முடிவு செய்யும் நிலை இருந்தது. அவத்தின் பேகம் ஹஸ்ரத் மஹல் வெளியிட்ட எதிர் அறிக்கை இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. எல்லாம் எழுதப்பட்டிருப்பதுபோல் தோன்றினாலும் எதுவும் திட்டவட்டமாக இல்லை என்றும், குற்றமுள்ளவரோ அற்றவரோ எவரும் இதன்கீழ் தப்ப முடியாது என்றும் அவர் மக்களை எச்சரித்தார். அதனை வெறும் போர்க்காலப் பரப்புரையாக ஒதுக்குவது நியாயமாகாது. சட்ட வாசகத்தை வழக்கறிஞர் ஒருவர் பிரித்துப் பார்க்கும் கூர்மை அதில் உண்டு.

காலவரையறையின் கடுமையைக் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான தாத்யா தோப்பேயின் முடிவில் காணலாம். 1859 ஏப்ரலில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட அவர்மீது சிப்ரியில் கூடிய இராணுவ நீதிமன்றம் சாட்டிய குற்றம் கொலை அன்று, அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தது. ஜனவரிக்கு முன் சரணடைந்திருந்தால், தலைவர் என்ற வகையில் அவருடைய உயிருக்கு அறிக்கையே உறுதி அளித்திருக்கும். கெடு கடந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு அவருக்கு எஞ்சவில்லை. ஏப்ரல் 18 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.