மலிவுக் கிட்டாருக்குப் புதுப் பிக்கப் போட்டால்?

கலஹாவிலிருந்து வர்ற என் கூட்டாளி ஒருத்தன்கிட்ட ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கு. அவங்க அம்மா சீட்டு எடுத்துக் குடுத்த காசில வாங்கினது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறின பிறகு, மலிவுக் கிட்டார்னு எதையும் சொல்ல முடியாது. பேராதனையில் போர்டிங் அறையில் அவன் வாசிச்சா அம்ப்ளிபயர்ல "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். "பிக்கப் மாத்தினா போதும் மச்சான், விலை கூடின கிட்டார் மாதிரியே கேட்கும்" என்கிறான். கண்டி டவுன்ல விசாரிச்சா, நல்ல பிக்கப் ஒரு செட்டின் விலை அவன் கிட்டாரையே தாண்டுது. மஹாபொல காசைச் சேர்த்து வாங்கவா என்று என்கிட்ட கேட்டான். நான் படிக்கிறது வரலாறு. அதனால அங்கேயே பதில் தேடினேன்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சாமான், அவ்வளவுதான். பக்கத்தில் உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பியில் சின்ன மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த அதே விதி. அது மைக் இல்லை. அது பிடிப்பது தந்தியின் அசைவை. 1931இல் ஜோர்ஜ் போஷாம்ப் வடிவமைத்து, அடுத்த வருடம் ரிக்கன்பேக்கர் விற்பனைக்கு விட்ட முதல் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு வார்த்த அலுமினியம். "நல்ல மரம்தான் நல்ல சத்தம்" என்கிறவங்களுக்கு அந்த "பொரிச்சட்டி" கிட்டாரைக் காட்டலாம்.

ஆனா ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். கிப்சன் கம்பனியின் பொறியியலாளர் சேத் லவர், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கினார். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957இல் அந்த ஹம்பக்கர் கிட்டார்களில் வந்தது. அன்றைக்கு அது இரைச்சலுக்கு மருந்து. இன்றைக்கு அந்தக் காலத்து ஒரு சோடிக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் டொலர் கொடுக்கிறாங்க. 1972இல் லாரி டிமார்சியோ, இருக்கிற கிட்டாரில் மாற்றிப் போடுவதற்கென்றே "சூப்பர் டிஸ்டோர்ஷன்" பிக்கப்பைக் கொண்டுவந்தார். கிட்டாரை வைத்துக்கொண்டே சத்தத்தை மட்டும் வாங்கலாம் என்ற ஆசை வியாபாரமாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த ஆசை பொய்யில்லை. குவீன் குழுவின் பிரையன் மே 1963இல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங். அவரே சுற்றிய பிக்கப் சரிவராததால் பர்ன்ஸ் கம்பனியின் மூன்று பிக்கப்களை வாங்கிப் போட்டார். உலகம் கேட்ட சத்தம் அதிலிருந்துதான் வந்தது. ஆனா அந்தக் கழுத்தையும் பாலத்தையும் அப்பாவும் மகனும் பொறுமையா இழைத்து இழைத்துச் செய்திருந்தாங்க. சரியா நின்ற கிட்டாருக்குத்தான் பிக்கப் உதவினது.

இன்னொரு கதை இதைத் தலைகீழாக்குது. 1960களில் ஜப்பானின் டெய்ஸ்கோ கிட்டார்கள் அமெரிக்காவில் மலிவுச் சாமான். அதிலிருந்த "தங்கத்தாள்" பிக்கப் ஒன்றை ரை கூடர் தன்னுடைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பொருத்தி வாசித்தார். பிறகு எல்லாரும் அதைத் தேடப்போய் விலை ஏறிப்போச்சு. அப்போ மலிவுச் சத்தம், விலை கூடின சத்தம் என்று பிரிக்கிறது எது? பெரும்பாலும், யார் அதை வாசித்து நம்ம காதில் பதிய வைத்தார்கள் என்பதுதான்.

நம்ம பக்கத்துக்கு வந்தால் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ். மாண்டலினில் தந்தியைத் தட்டியதும் நாதம் அடங்கிடும், கமகத்தை இழுக்க முடியாது. அவர் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்து, மின் மாண்டலினில் வாசித்தார். 1981இல் சென்னையில் முதல் கச்சேரி செய்தபோது அவருக்கு வயது 12. பிக்கப் அங்கே நாதத்தை நீள வைத்தது. கமகம் அவருடைய விரலில் இருந்தது.

ஆக, கூட்டாளிக்கு நான் சொன்னது இதுதான்: பிக்கப் இரைச்சலைக் குறைக்கும், சத்தத்தின் நிறத்தை மாத்தும். சுருதி நிற்காத கிட்டாரையும் உயரம் சரியில்லாத தந்தியையும் அது திருத்தாது.

போன கிழமை கிட்டாரைத் திறந்து பார்த்தோம். எர்த் வயர் ஈயப் பற்று விட்டுத் தொங்கிக்கிட்டு இருந்திச்சு. அதை ஒட்டி, புதுத் தந்தி போட்டு, பாலத்தின் உயரத்தையும் சரிசெய்தோம். இரைச்சல் பாதிக்கு மேல் போயிட்டு. பிக்கப் ஆசை மட்டும் அவனுக்கு இன்னும் போகல்ல. போகணும் என்றும் நான் நினைக்கல்ல. ஆனா இப்போதைக்கு அந்த மஹாபொல காசு அவன்கிட்டயே இருக்கு. அம்மா வாங்கிக் குடுத்த கிட்டாரை மத்தவங்க முன்னால எடுக்க அவன் வெட்கப்படுறதும் இல்ல.