குழிக்கு மானியம் உண்டு, இறங்குபவருக்கு?

தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமத்து வீட்டுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய். கட்டியதைப் படமெடுத்து ஏற்றினால் அரசுக் கணக்கில் ஒரு கழிப்பறை கூடிவிடும். 2019க்குள் 10 கோடிக்கும் மேல் கட்டியாயிற்று என்றது அரசு. குழி நிறைந்தால் அள்ளப்போவது யார் என்பது அந்தப் படத்தில் தெரியாது. இந்தப் பழக்கம் மோடி ஆட்சியில் தொடங்கியதில்லை தோழர்களே, அதற்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

எடுப்புக் கக்கூஸ்களை இரட்டைக் குழிக் கழிப்பறைகளாக மாற்றும் ஒன்றிய அரசின் திட்டம் 1980-81இல் வந்தது. மலம் அள்ளுவோரை விடுவிக்கவே என்றார்கள். கட்டுமானத்துக்கான பணமோ கக்கூஸ் வைத்திருந்த வீட்டுக்குப் போனது. அள்ளியவரின் விடுதலைக்கும் மறுவாழ்வுக்குமான தேசியத் திட்டம் 1992இல்தான் வந்தது. எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்யும் சட்டம் 1993இல்.

இரட்டைக் குழி நல்ல ஏற்பாடுதான், அதில் நமக்குச் சண்டை இல்லை. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். ஓரிரு ஆண்டில் பழைய குழியில் இருப்பது மக்கி எருவாகிவிடும், வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளலாம். அள்ளமாட்டார். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட நூல் இதைத்தான் காட்டுகிறது. குழியை அள்ளுவது இன்னொரு சாதியின் வேலை என்று நினைப்பவர்கள் அரசு சொல்லும் சின்னக் குழியை விரும்புவதில்லை. கட்டினால் கைக்காசையும் போட்டுப் பெரிதாகக் கட்டுகிறார்கள், தன் காலத்தில் நிறையக் கூடாது என்ற கணக்கில். நிறையாத தொட்டி உண்டா? நிறைந்த அன்று லாரி வரும். குழாய் உறிஞ்சாத அடிக்கசடுக்கு ஆளை இறக்குவார்கள். விஷவாயுவில் செத்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்புக் கருவி தராமல் செப்டிக் டேங்கில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டம், கருவியோடு இறங்குபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்றும் சொல்கிறது. ஆக, மலம் அள்ளுவோருக்கான ஒருமுறை உதவி 40,000 ரூபாய்க்கான பட்டியலில் அவர் இல்லை. செத்தால் தொகை ஏறுகிறது: உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் பாதாளச் சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ஆக்கியது.

2020இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மலக்கசடு மேலாண்மைக்கென்று தலைக்கு 230 ரூபாய் வரை ஒதுக்க இடம் வைத்தார்கள். அது உங்கள் ஊருக்கு வந்ததா? அடுத்த கிராம சபையில் கழிப்பறைக் கணக்கு வாசிக்கும்போது எழுந்து மூன்றைக் கேளுங்கள்: இரட்டைக் குழி எத்தனை, பெருந்தொட்டி எத்தனை, கடைசியாக அள்ளியது யார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.