நெப்ராஸ்கா சட்டமன்றம்

நெப்ராஸ்கா சட்டமன்றம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்கிலுள்ள நெப்ராஸ்கா மாநிலத்தின் சட்டமியற்றும் அவையாகும். இது மாநிலத் தலைநகரான லிங்கனில் கூடுகிறது. அந்நாட்டின் 50 மாநிலங்களுள் ஓரவை மட்டும் கொண்ட மாநிலம் இது ஒன்றேயாகும். கீழவை, மேலவை என்ற பிரிவு இல்லாதபோதும் இதன் உறுப்பினர்கள் அனைவரும் செனட்டர்கள் என்றே அழைக்கப்படுகின்றனர்.

வரலாறு

முன்னர் இம்மாநிலத்திலும் 100 உறுப்பினர் கொண்ட கீழவையும் 33 உறுப்பினர் கொண்ட மேலவையும் இருந்தன. ஐக்கிய அமெரிக்க செனட்டில் நெப்ராஸ்காவின் சார்பில் இருந்த ஜார்ஜ் நாரிஸ் இம்முறையை எதிர்த்தார். ஒரே மக்கள் தேர்ந்தெடுக்கும் இரு அவைகள் ஒரே வேலையை இருமுறை செய்வது வீண் என்பது அவர் வாதம். இரு அவைகளும் முரண்படும்போது சிலர் மட்டும் கொண்ட கூட்டுக்குழு சட்டத்தின் இறுதி வடிவை முடிவு செய்வதையும் அவர் கண்டித்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலமாதலால் செலவு குறையும் என்ற எண்ணமும் மக்களிடம் எடுபட்டது. 1934 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 286,086 பேர் ஆதரவாகவும் 193,152 பேர் எதிராகவும் வாக்களித்தனர். புதிய அவை 43 உறுப்பினர்களுடன் 1937 இல் முதன்முறையாகக் கூடியது.

கட்சி சார்பின்மை

வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சி குறிக்கப்படுவதில்லை. முதல்நிலைத் தேர்தலில் அதிக வாக்குப் பெறும் இருவர், ஒரே கட்சியினராயினும், பொதுத் தேர்தலில் மோதுவர். குழுத் தலைவர்களை உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்கின்றனர். இதனால் சிறுபான்மைக் கட்சியினரும் தலைமை பெற இயலும். எனினும் எவர் எக்கட்சியினர் என்பது பெரும்பாலும் யாவரும் அறிந்ததே.

தொகுதிகள்

உறுப்பினர் எண்ணிக்கை 30 முதல் 50 வரை இருக்கலாம் என்பது மாநில அரசியலமைப்பின் விதி. 1965 முதல் 49 தொகுதிகள் உள்ளன. பதவிக்காலம் 4 ஆண்டுகள்; ஏறத்தாழப் பாதித் தொகுதிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறும். 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 1,961,504. அதாவது தொகுதிக்குச் சுமார் 40,000 பேர்.

கணக்கெடுப்பிற்குப் பின் தொகுதி எல்லைகளைச் சட்டமன்றமே வரைகிறது. மேற்கின் வேளாண் பகுதிகளில் மக்கள் குறைந்து, கிழக்கில் ஓமாகா நகரைச் சுற்றிலும் பெருகுவதால் தொகுதிகளும் கிழக்கு நோக்கி இடம்பெயர்கின்றன. மேற்கு ஓரத்திலிருந்த 49 ஆம் தொகுதி 2011 இலும், நடுப்பகுதியிலிருந்த 36 ஆம் தொகுதி 2021 இலும் ஓமாகாவை அடுத்த சார்பி கவுண்டிக்கு மாற்றப்பட்டன. எண் அதுவே, ஊரும் வாக்காளரும் வேறு. விடுபட்ட பகுதிகள் அண்டைத் தொகுதிகளுடன் சேர்க்கப்பட்டதால், பல கவுண்டிகளுக்கு ஒரே செனட்டர் என்ற நிலை மேற்கில் காணப்படுகிறது.

எர்னி சேம்பர்ஸ்

வடக்கு ஓமாகாவின் 11 ஆம் தொகுதியிலிருந்து 1970 இல் முதலில் தெரிவான எர்னி சேம்பர்ஸ், இவ்வவையில் மிக நீண்டகாலம் பணியாற்றியவர். கறுப்பின மக்களின் குரலாக விளங்கிய இவர் முன்பு முடிதிருத்துநராக இருந்தவர், சட்டமும் பயின்றவர். தொடர்ந்து இருமுறைக்கு மேல் பதவி வகிப்பதைத் தடுக்கும் திருத்தத்தை வாக்காளர்கள் 2000 இல் ஏற்றனர். இவரை வெளியேற்றுவதே அதன் நோக்கம் எனப் பலர் கருதினர். 2009 இல் விலகிய இவர், 2012 இல் மீண்டும் வென்று 2021 வரை நீடித்தார்.

மரணதண்டனை ஒழிப்பு மசோதாவை இவர் பல கூட்டத்தொடர்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 2015 மே மாதம் அது நிறைவேறியது. ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் அதற்கு ஒப்புதல் மறுத்தபோது, அம்மறுப்பை முறியடிக்கத் தேவையான 30 வாக்குகள் சரியாகக் கிடைத்தன. எதிர்த்தோர் 19 பேர். குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த அவையில் இது நிகழ்ந்தது. எனினும் 2016 நவம்பர் பொதுவாக்கெடுப்பில் மக்கள் மரணதண்டனையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர்.